போடன் ஏரிக் கரையில்

ஜெர்மனியின் தென்கோடியில் பிரீட்ரிக்ஸ்ஹாபன் என்னும் நகரம் இருக்கிறது. அதையடுத்த போடன் ஏரியின் கரையில் நாம் நின்றால், எதிர்க்கரையில் ஸ்விட்ஜர்லாந்தின் மலைகள் தெரியும். இந்நீர்ப்பரப்பின் மீதுதான் 1900-ஆம் வருஷம் ஜூலை 2-ந் தேதி, செப்பலின் பிரபுவின் முதல் ஆகாயக் கப்பல் எழும்பிற்று. அதன் நீளம் 128 மீட்டர். பறந்ததோ ஏறக்குறைய 18 நிமிஷங்களே. சேனையிலிருந்து விலகி, சொந்தப் பொருளையெல்லாம் இம்முயற்சியிலே செலவிட்ட அக்கிழவரைப் பித்தரென்று பலர் நகைத்தனர்.

1908 ஆகஸ்டு 5-ந் தேதி எக்டர்டிங்கன் வயலில் இறங்கி நின்ற அவருடைய நான்காவது கப்பலைப் புயல் பிடுங்கியெறிந்தது; கப்பல் எரிந்து சாம்பலாயிற்று. நகைத்த ஜனங்களே அன்று மனமுருகினர். நாடெங்குமிருந்து 60 லட்சம் மார்க்குக்கு மேல் நன்கொடை குவிந்தது. அதைக் கொண்டு ஓர் அறநிலையம் ஏற்பட்டது.

அவ்வாறு வளர்ந்த தொழிலின் கப்பல்கள்தாம் 1915-ல் லண்டன் நகரத்தார் மீது குண்டு வீசின. அவற்றைப் போர்க்கருவியாகவே பிரபு ஆதியிலிருந்து கருதிவந்தார். 1917-ல் அவர் காலமானார்.

1947 முதல் அவ்வறநிலையம் நகரசபையின் பொறுப்பில் இருந்துவருகிறது. அதன் வருமானம் பொதுநலத்துக்குச் செலவாகிறது. ஜனங்கள் மனமுவந்து அளித்த பொருள் எங்கே போய்ச் சேருகிறதென்று அந்த ஜனங்களே கண்காணிப்பது எவ்வளவு அவசியம் என்பதை இவ்வூரில் நாம் அறிகிறோம்.