ஒரே நம்பரில் இரண்டு பில்

பேரன் போன வாரம் மிக்சி ஒன்று வாங்கி வந்தான். பில்லை மேஜையில் போட்டுவிட்டுப் போய்விட்டான். பெயர், தேதி, நம்பர் எல்லாம் சரியா என்று பார்த்து நான் ஃபைலில் வைத்தேன். "பாட்டாவுக்கு இன்னும் கடை ஞாபகம் போகல" என்று சிரித்தான். போகாதுதான். காரணம் உண்டு.

கோட்டாறு பக்கம் ஒரு கடையில் முப்பது வருஷம் கணக்கு எழுதினேன். கடையின் பெயர் வேண்டாம். இரும்புச் சாமான், பெயிண்ட், கரண்டு சாமான், பம்பு மோட்டார் ரிப்பேர் என்று நான்கு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர். அவரவர் தமக்குப் பிடித்த அச்சகத்தில், பிடித்த அளவில் பில் புத்தகம் அடித்துக்கொள்வார். எல்லாப் புத்தகமும் ஒன்றாம் நம்பரில் தொடங்கும். ஆனால் கல்லா ஒன்றுதான், பேரேடும் ஒன்றுதான்.

1986-ல் நடந்தது. பூதப்பாண்டிப் பக்கத்து வாத்தியார் ஒருவர் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டினார். கடன் பில், 640 ரூபாய், நம்பர் 214. இரண்டு வாரத்தில் வந்து பணத்தை அடைத்துவிட்டார். கல்லாவில் கூட்டம். ரசீதின் அடிக்கட்டையில் பெயர் எழுதாமல் 'பில் 214' என்று மட்டும் குறித்திருந்தார்கள். பெயிண்ட் பிரிவிலும் ஒரு 214 நிலுவையில் இருந்தது. அது பெரிய தொகை. வந்தது ஒரு தவணை என்று நினைத்து, வாத்தியாரின் பணத்தை அந்த ஆள் கணக்கில் வரவு வைத்தேன். எழுதியது என் கை.

மூன்று மாதம் கழித்து வசூலுக்குப் போன பையன் வாத்தியார் வீட்டில் பாக்கி கேட்டான். அன்று அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் திண்ணையில் இருந்தார்கள்.

மறுநாள் கடை திறக்கும்முன் வந்து நின்றார். பில்லும் ரசீதும் கையில் இருந்தன, கம்பியில் குத்தி வைத்த ஓட்டையோடு.

"தம்பி, நான் அடைச்ச பணத்தை உங்க புத்தகத்துல தேடி எடுத்திருவிய. நேத்து நான் தலை குனிஞ்சு நின்னது எந்தப் புத்தகத்துல வரும்?"

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

முதலாளி பில் புத்தகப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். நான்கு பொறுப்பாளர்களையும் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. பெயிண்ட்காரருக்கு டப்பா படம் வேண்டும். ரிப்பேர்காரருக்கு மோட்டார் நம்பருக்கும் கூலிக்கும் தனி இடம் வேண்டும். இரும்புக்கு எடை வேண்டும். அவர் கேட்பது நியாயம், இவர் கேட்பதும் நியாயம். கடைசியில் இப்படி முடிந்தது: தாளின் அளவும் மேல்பாகமும் அடிப்பாகமும் எல்லாருக்கும் ஒன்று. நடுப்பாகம் அவரவர் தேவைக்கு. டப்பா படம் கிடையாது. நம்பருக்கு முன்னால் பிரிவின் எழுத்து: இ, பெ, க, மோ. வாங்குபவரின் பெயரும் ஊரும் இல்லாமல் பில் இல்லை, ரசீதும் இல்லை.

புத்தகங்கள் என் பீரோவில். பழையது திரும்பி வந்தால்தான் புதியது, அதுவும் கையெழுத்துப் போட்டு. தப்பாக எழுதிய பில்லைக் கிழிக்கக் கூடாது. மூன்று பிரதியும் குறுக்குக்கோடு போட்டுப் புத்தகத்திலேயே இருக்க வேண்டும். மாலையில் நம்பர் வரிசை பார்ப்பேன். ஒன்று குறைந்தால் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. முதல் மாதம் என்னைத் திட்டாத ஆள் இல்லை. பிறகு விற்பனை வரி அலுவலகத்தில் கணக்கைக் காட்டும்போது கேள்விகள் குறைந்ததும் திட்டும் குறைந்தது.

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். விதியைப் படித்தேன். பில் நம்பர் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு நிதியாண்டில் திரும்ப வரக் கூடாது. தனித்தனி வரிசைகள் வைத்துக்கொள்ளலாம். எழுத்தும் எண்ணும் சேரலாம். பொருளுக்கு மூன்று பிரதி, சேவைக்கு இரண்டு. வாத்தியார் ஒருவர் தலைகுனிந்த பிறகு நாங்கள் கற்றது அங்கே சட்டமாக அச்சாகியிருந்தது.

இப்போது நம்பரைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். ஆளைத் தேர்ந்தெடுப்பது இன்றும் ஒரு மனிதர்தான். நம் ஊரில் ஒரே இனிஷியலில் ஒரே பெயருக்கு எத்தனை பேர்! அதனால் கல்லாவை விட்டு நகரும்முன் பெயரையும் தொகையையும் ஒருமுறை பாருங்கள். இன்னொன்று, இந்த வழவழப்பான தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். வாரண்டி உள்ள பொருளென்றால் அன்றே ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

முதலாளியும் நானும் வாத்தியார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். காப்பி கொடுத்தார்கள். கல்யாணப் பத்திரிகையும் வந்தது, போய் வந்தோம். ஆனால் அதற்குப் பிறகு அந்த மோட்டார் எங்கள் கடைக்கு வரவேயில்லை. 'மோ' வரிசையில் அவர் பெயரில் ஒரு பில்கூட நான் பார்க்கவில்லை.