தம்பி, தம்பி, தம்பி

அண்ணனின் 1994ஆம் ஆண்டு நாட்குறிப்பில், மளிகைக் கணக்குக்கும் பல் மருத்துவரைப் பார்க்கவேண்டிய தேதிக்கும் நடுவே ஒரு வரி கிடந்தது: ஏ220 ஐ7 டி1. அதில் 7ஐ அடித்துவிட்டு, மேலே 5 என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடும் போட்டிருக்கிறார்.

டாஸ் காலத்தில் கணினியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த வரி மனப்பாடம். ஆட்டோஎக்ஸெக் கோப்பில் ‘செட் பிளாஸ்டர்’ என்று தொடங்கி இதை எழுதிவைத்தால், சவுண்ட் கார்டு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை விளையாட்டுகள் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். ஏ என்பது முகவரி. பதினாறடிமான எண்ணில் 220, நம் கணக்கில் 544. டி என்பது டிஎம்ஏ தடம். செயலியைத் தொந்தரவு செய்யாமல் நினைவகத்திலிருந்து ஒலியை நேரே கார்டுக்குக் கொண்டுசேர்க்கும் வழி அது. ஐ என்பது ஐஆர்க்யூ, அதாவது கார்டு செயலியைக் கூப்பிடும் மணி.

1981இல் வந்த ஐபிஎம் கணினியில் அப்படி எட்டு மணிகள். 1984இல் இன்னொரு எட்டைச் சேர்த்தார்கள். இரண்டையும் இணைக்கவே ஒன்று போய்விட்டதால் மிஞ்சியவை 15. பூஜ்யம் கடிகாரத்துக்கு, 1 விசைப்பலகைக்கு, 6 பிளாப்பிக்கு, 14 ஹார்ட் டிஸ்க்குக்கு. ஒரு மணியை இரண்டு கார்டுகள் பங்கிட்டுக்கொள்ள அந்தக் காலத்து ஐஎஸ்ஏ ஸ்லாட்டுகளில் பொதுவாக இடமில்லை. தொடக்ககால சவுண்ட் பிளாஸ்டர்கள் தொழிற்சாலையிலிருந்தே 7இல் வந்தன. அது பிரிண்டருக்கு ஒதுக்கிய எண். டாஸில் பிரிண்டர் அந்த மணியை அநேகமாக அடிப்பதே இல்லை என்பதால் பல வீடுகளில் இரண்டும் சண்டையில்லாமல் குடியிருந்தன. ஆனாலும் போகப்போக 5தான் வழக்கமாயிற்று.

சிங்கப்பூரின் ஈசூனில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தது யாரோ கழற்றிப்போட்ட பழைய கார்டு. அதை மாட்டிய வாரம் தீபாவளி. அதற்கு முன்பே, பலகாரம் கொடுக்க அண்ணனின் நண்பர் வீட்டுக்குப் போன அம்மாவை மைக் முன்னால் உட்காரவைத்து அண்ணன் பேசச் சொல்லியிருந்தார். நொடிக்கு 11,025 மாதிரிகள், ஒவ்வொன்றும் ஒரு பைட். அந்தக் கணக்கில் ஒரு பிளாப்பியில் இரண்டு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகக் குரல் அடங்கும். அம்மா ஒன்பது நொடிதான் பேசினார். “தம்பி, சாப்பிட்டியா? அண்ணன்கூட சண்டை போடாம இரு. நான் இப்ப வந்துடுவேன்.”

பிளாப்பியைப் போட்டு இயக்கினோம். ஸ்பீக்கரில், “தம்பி.” மறுபடி, “தம்பி.” அப்புறமும் “தம்பி, தம்பி, தம்பி.” நிற்கவே இல்லை. அண்ணன் ஸ்பீக்கர் வயரை ஆட்டிப் பார்த்தார், கணினியை அணைத்துப் போட்டார். மறுபடியும் தம்பிதான்.

அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப்பார்த்த அம்மா சொன்னார்: “கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், ஒருத்தனும் ‘என்னம்மா’ன்னு கேக்கலையே. அப்புறம் எப்படி அடுத்த பேச்சைப் பேசுறது?”

நடந்தது அணுவளவும் பிசகாமல் அதுதான். ஒலிக்கோப்பை நிரல் முழுதாகக் கார்டிடம் கொடுப்பதில்லை. நினைவகத்தில் ஒரு சிறு தொட்டி. நான்கு கிலோபைட் என்று வைத்துக்கொண்டால் முக்கால் நொடியில் பாதிகூட வராது. ‘தம்பி’ என்று ஒரு முறை கூப்பிட அது போதும். தொட்டி வாசித்து முடிந்ததும் கார்டு மணியடிக்கும். செயலி, கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு, அடுத்த துண்டை நிரப்பும். எங்கள் கார்டில் மணியைத் தேர்ந்தெடுக்கும் ஜம்பர் 5இல் இருந்தது. ஆட்டோஎக்ஸெக்கில் எழுதியிருந்ததோ 7. கார்டு ஒரு வாசலில் மணியடிக்க, நிரல் வேறு வாசலில் காத்திருந்தது. தொட்டியை யாரும் நிரப்பவில்லை. டிஎம்ஏ கடைசிக்குப் போய்விட்டு முதலுக்குத் திரும்பி, இருந்ததையே திரும்பத் திரும்ப வாசித்தது.

அண்ணன் 7ஐ 5 ஆக்கினார். அம்மா ஒன்பது நொடியும் பேசினார். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா போகாமல் நின்று தன் குரலை மூன்று முறை கேட்டார்.

சவுண்ட் பிளாஸ்டர் பிறந்ததும் இதே சிங்கப்பூரில்தான். சிம் வோங் ஹூ 1981இல் பேர்ல்ஸ் சென்டரில் சிறிய கணினிக் கடை ஒன்றைத் திறந்தார். அதிலிருந்து வளர்ந்த கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் அந்தக் கார்டை வெளியிட்டது. அவர் 2023 ஜனவரியில் காலமானார். அந்தக் கட்டடத்தையும் ரயில் பாதைக்காக இடித்துவிட்டார்கள். ஊமையாக இருந்த கணினியைப் பேசவைத்த ஊர் இது என்பதில் எனக்கு இன்னமும் பெருமை உண்டு. நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இதைச் சொல்லித்தரலாம்.

விண்டோஸ் 95 வந்தபின் முகவரியையும் மணியையும் கணினியே பங்கிட்டுக்கொள்ளத் தொடங்கியது. பிசிஐ கார்டுகள் ஒரே மணியைப் பகிர்ந்துகொள்ளக் கற்றன. நல்ல மாற்றம்தான். ஆனால் அன்று ஒலி வராவிட்டால் ஏன் வரவில்லை என்று தேடிப் பிடிக்க முடிந்தது. காரணம் ஒரு எண்ணில் இருந்தது. அதைக் கையால் மாற்றவும் முடிந்தது. இன்று அணைத்துப் போடுவதோடு சரி.

அம்மா போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நாட்குறிப்பு கிடைத்த அதே பெட்டியில் அந்த பிளாப்பியும் இருந்தது. யூஎஸ்பி பிளாப்பி டிரைவ் ஒன்றை வாங்கி அதில் போட்டுப் பார்த்தோம். இரண்டு கோப்புகள் படிக்க முடியாமல் போயிருந்தன. அம்மாவின் குரல் தப்பியிருந்தது, நூறு கிலோபைட்டுக்குள்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் பழைய பிளாப்பிகள் இருக்கலாம். காந்தப் பூச்சு வருடத்துக்கு வருடம் மங்கிக்கொண்டே போகிறது. இந்த வாரமே எடுத்துப் படியெடுத்துவிடுங்கள்.