விட்ட ஒற்றும் விடாத ஒற்றும்

யாம் பிறந்து வளர்ந்த ஊர் புதுச்சேரி. எமக்கு ஆங்கிலம் ஊட்டியது இக்கலாசாலை. இப்பொழுது பிறந்த ஊரிலேயே அம்மொழியை மாணாக்கர்க்குக் கற்பித்து வருகின்றோம். அத்தொழிலில் யாம் செய்த பிழையொன்றைப் பழைய மாணாக்கர் என்னும் உரிமைபற்றி ஈண்டு எழுதத் துணிந்தோம்.

ஒருநாள் எம் வகுப்பில் வாய்விட்டுப் படிக்கும் பயிற்சி நிகழ்ந்தது. பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் எழுந்து படிக்கலானான். 'நெக்ஸ்ட் டே' என்றிருந்ததை 'நெக்ஸ் டே' என்றான்; 'லாஸ்ட் வீக்' என்பதை 'லாஸ் வீக்' என்றான். யாம் இடைமறித்து, "எழுத்தை விழுங்காதே, உள்ளதை உள்ளபடி சொல்" என்று கடிந்தோம். வகுப்பு முழுதும் நகைத்தது. அவன் தலைகுனிந்து, "ஐயா, கைபேசியில் ஆங்கிலேயர் வாசிக்கும் செய்தியில் இவ்வாறுதான் கேட்டேன்" என்றான். "நீ கேட்டது பிழை" என்று சொல்லி அவனை அமர்த்தினோம். அதன்பின் சில நாள் அவன் வகுப்பில் வாய் திறந்திலன்.

அவ்வாரத்தில் ஒரு மாலை கடற்கரையில் உலாவினோம். அச்சாலைக்குக் கூபேர் பெயர் வழங்குகின்றது. 1963-ஆம் ஆண்டில் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரான எதுவார் கூபேரின் பெயரைப் பிரெஞ்சில் எழுதுங்கால் 'கூபேர்' என்பதன் ஈற்றில் ஒரு தகர ஒற்று நிற்கும். அதனை எவரும் ஒலிப்பதில்லை. கடற்கரையை அடுத்த த்யுமா வீதியின் பெயரிலும் ஈற்றெழுத்து ஒலியாது. 1844-இல் தோன்றிய பெத்தி செமினார் பள்ளியின் பெயரில், 'பெத்தி' என்பதன் இறுதித் தகரமும் அவ்வாறே. ஆனால் அச்சொல்லுக்குப் பின் உயிரில் தொடங்கும் சொல் வருமாயின், அடங்கிக் கிடந்த தகரம் எழுந்து ஒலிக்கும். எழுத்தறியாத அங்காடி மூதாட்டியும் 'கூபேர்' என்று பிழையின்றிச் சொல்கின்றாள். அவள் செவியை நம்பினாள். யாமோ எழுத்தை நம்பிச் செவியை அடைத்துக்கொண்டோம். அம்மாணவனின் முகம் எம் நினைவில் வந்து வருத்திற்று.

வீடு திரும்பி நூல்களைப் புரட்டினோம். லண்டனில் ஒலிநூல் கற்பித்த டேனியல் ஜோன்ஸ் 1917-ஆம் ஆண்டில் ஆங்கில உச்சரிப்பு அகராதியை வெளியிட்டார். அவர் வழியில் வந்த ஒலிநூலார் இதற்கு விதி கூறியுள்ளனர். நிலைமொழியின் ஈற்றில் இரண்டு மெய் கூடி நின்று, அவற்றுள் பின்னது டகர ஒலியாகி, வருமொழியும் மெய்யில் தொடங்குமாயின், இடைப்பட்ட டகரம் தொடர்ந்த பேச்சில் பெரும்பாலும் கெடும். 'ஓல்ட் மேன்' என்பது 'ஓல் மேன்' என்றாவது இவ்வாறே. வருமொழி உயிரில் தொடங்கின் கெடாது; ஆதலின் 'நெக்ஸ்ட் ஈவ்னிங்' என்பதில் டகரம் நிலைபெறும். ஒரு சொல்லின் உள்ளேயும் இது நிகழ்வதுண்டு. நாம் 'கிறிஸ்துமஸ்' என்று தகரத்தைப் போற்றிச் சொல்லும் பண்டிகையை ஆங்கிலேயர் அவ்வொலியை விடுத்தே சொல்கின்றனர்.

இது தமிழர்க்குப் புதிதன்று. தோன்றல், திரிதல், கெடுதல் எனப் புணர்ச்சி விகாரம் மூன்றென்று சிறு வயதிலேயே கற்றோம். 'மரம்' என்பது 'வேர்' என்பதோடு புணர்ந்து 'மரவேர்' ஆகுங்கால் மகரம் கெடுகின்றது. அதனைச் சோம்பல் என்பார் யாருமிலர். அங்ஙனமாக, ஆங்கிலேயர் ஒரு மெய்யை விடுவதை மட்டும் பிழையெனக் கொண்டது எம் பேதைமையே. நமக்குள்ள இடர் வேறு. தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. ஆதலின் ஆங்கிலச் சொல்லின் ஈற்றில் நம் நா தானே ஓர் உகரத்தைச் சேர்த்து 'லாஸ்ட்டு வீக்கு' என்கின்றது. ஆங்கிலேயர் ஓர் ஒலியைக் குறைக்கும் இடத்தில் நாம் ஒன்றைக் கூட்டுகின்றோம்.

மறுநாள் வகுப்பில் அம்மாணவனை எழுப்பி, "தம்பி, நீ கேட்டது சரி, நின்னைக் கடிந்தது எம் பிழை" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னோம். சொல்வது எளிதாயிருக்கவில்லை. பின்னர் அனைவரும் கூடிப் பயிற்சி தொடங்கினோம். முதலில் ஒவ்வொரு சொல்லையும் உகரம் சேராமல் முழுமையாகச் சொல்லுதல். பின் இரண்டு சொற்களை ஒரே மூச்சில் இணைத்தல். வருஞ்சொல்லின் முதலெழுத்து உயிரோ மெய்யோ என்று நோக்குதல். இறுதியில் தேர்ந்தவர் பேச்சைக் கேட்டு ஒப்பிடுதல். நிதானமாகப் பேசுங்கால் டகரத்தை ஒலிப்பதும் குற்றமன்று என்றும், விடத்தகாத இடத்தில் விட்டாற் பொருள் மயங்கும் என்றும் எடுத்துரைத்தோம்.

அப்பொழுது அவன் தானே எழுந்து, "ஐயா, பேச்சில் விடுவதை எழுத்திலும் விடலாமா?" என்று வினவினான். "'லுக்ட் பேக்' என்பது செவிக்கு 'லுக் பேக்' என்றே கேட்கும், எழுத்திலும் விட்டால் இறந்தகாலமே மறைந்துபோம், தேர்வில் மதிப்பெண்ணும் உடன் மறையும்" என்றோம். வகுப்பு நகைத்தது. இம்முறை அவனும் உடன் நகைத்தான்.