மடைக்கு முதல் பங்கு

சமய நல்லிணக்கக் கூட்டம் என்றால் மேடை, குத்துவிளக்கு, மூன்று மதத்துப் பெரியவர்கள், ஆளுக்கொரு சால்வை என்றுதான் பலருக்கும் நினைப்பு. உத்திரமேரூர் வட்டாரக் கிராமங்களில் வெவ்வேறு மதத்தாரைக் கூட்டி உட்கார வைக்கும் வேலையைப் பல வருஷமாகச் செய்துவருகிறேன். எனக்கு அந்த மேடைமேல் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நான் கூட்டும் கூட்டத்தில் கடைசியில் யாராவது எதையாவது விட்டாக வேண்டும். பெரும்பாலும் தண்ணீர், இல்லாவிட்டால் பணம்.

எங்கள் பக்கம் பிழைப்பே ஏரியை நம்பித்தான். உத்திரமேரூர்ப் பெரிய ஏரிக்குப் பல்லவர் காலத்தில் வைரமேக தடாகம் என்று பெயர். அதைத் தூர் எடுக்கப் பொன் கொடுத்து வைத்த செய்தி கல்வெட்டில் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைப் பார்க்க வருகிறார்கள். குடவோலை, ஜனநாயகம் என்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். என்னோடு வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் அதில் இரண்டு விஷயத்தைத்தான் காட்டுவேன். ஏரிக்கென்று ஆறு பேர் கொண்ட தனி வாரியம் இருந்தது; வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. அடுத்தது, அந்தக் குடத்தில் யார் பெயர் விழவே இல்லை என்பது. வரி கட்டும் நிலம் வேண்டும், வேதப் படிப்பு வேண்டும் என்று விதி. கரைக்கு மண் சுமந்தவர் பெயரை எந்த ஓலையிலும் எழுத வழியில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தால் இந்த வேலை பாதி பிடிபட்ட மாதிரி.

கூட்டத்தை எங்கே வைப்பது? கோயில் மண்டபம் என்றால் சிலர் படியேற யோசிப்பார்கள். சர்ச் வளாகம், பள்ளிவாசல் என்றாலும் அதே கதைதான். அதனால் கலங்கல் பக்கம், மரத்தடி. நேரம், அஸர் தொழுகைக்கும் மக்ரிபுக்கும் நடுவில். பாய்மார் திரும்பிவிட வேண்டும். சமணரான நயினார் வீட்டுப் பெரியவர் பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும். பூசாரி போய் விளக்கு வைக்க வேண்டும். கூட்டம் நீள வழியே இல்லை. சமயங்கள் எனக்குச் செய்த பெரிய உபகாரம் இது.

நம்பிக்கையைப் பற்றி நான் கேட்பதில்லை. ‘உங்கள் வீட்டில் தண்ணீர் விஷயத்தில் எதைச் செய்யக் கூடாது என்பார்கள்?’ என்றுதான் ஆரம்பிப்பேன். சமணர் வீட்டில் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய சிற்றுயிர்களை எடுத்த கிணற்றிலேயே விடுவார்கள். ஓடுகிற ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஒளு செய்தாலும் தண்ணீரை வீணாக்காதே என்பது நபிவழி. ஏரி கோடி போனால் கற்பூரம் கொளுத்திக் கும்பிடாமல் வீட்டுக்குத் திரும்ப மாட்டார்கள் எங்கள் கிழவிகள். இவற்றைக் கேட்டபிறகு யாருக்கும் தத்துவம் பேசத் தோன்றாது. அடுத்ததாக, அவரவர் குப்பையை அவரவரே சொல்ல வேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையாரைப் பற்றி விழாக் கமிட்டிக்காரர் பேசட்டும். தேர்ப்பவனி முடிந்து கிடக்கும் பிளாஸ்டிக் கப்புகளைப் பற்றிப் பாதிரியார் பேசட்டும். நிக்காஹ் பந்தியைப் பற்றி ஜமாத்தார். அடுத்தவர் குப்பையை எடுத்தால் நான் பேச்சை நிறுத்திவிடுவேன்.

நடத்துகிறவர் நீர்க்கட்டி மாதிரி இருக்க வேண்டும். ஆயக்கட்டில் சொந்தமாக ஒரு வயல்கூட இல்லாதவர் என்பதால்தான் நீர்க்கட்டி திறந்துவிடும் பங்கை ஊர் நம்பியது. எனக்கும் பாய்ச்சிக்கொள்ள வயல் இருக்கக் கூடாது, கட்சியாக இருந்தாலும் சரி, மதமாக இருந்தாலும் சரி. ஆனால் ஊருக்கெல்லாம் தண்ணீர் விட்ட அந்த மனிதர் பெரும்பாலும் தலித். அவருக்கு நிலமில்லாமல் போனது தற்செயல் அல்ல. ஏரிக்கரையில் மத வித்தியாசம் என்று வருகிற வழக்குகளில் பாதி, தோலை உரித்தால் சாதிதான்.

பக்கத்து மதுராந்தகத்துக் கதை எல்லோருக்கும் தெரியும். 1790களில் கலெக்டராக இருந்த லியோனல் பிளேஸ், உடையவிருந்த கரையில் வில்லோடு நின்ற ராம லட்சுமணரைக் கண்டார், தாயார் சந்நிதியைக் கட்டிக்கொடுத்தார் என்பார்கள். ஏரி காத்த ராமர் கோயிலில் அவர் பெயர் கல்லிலேயே இருக்கிறது. தரிசனத்தை நம்புகிறவர் நம்பட்டும். என்னை இழுப்பது கதையின் முன்பாதி: பணத்தைச் சந்நிதிக்குச் செலவழிப்பதா, கரைக்கா என்ற தகராறு. உங்கள் ராமர் கரையைக் காக்கட்டுமே என்று துரை கேட்டாராம். இதே தகராறைத்தான் நான் வாராவாரம் பார்க்கிறேன்.

உலக அளவிலும் சமயங்கள் சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசத்தான் செய்கின்றன. 2015 ஜூனில் சுற்றுச்சூழல் பற்றிய போப் பிரான்சிஸின் ‘லௌதாத்தோ சீ’ சுற்றுமடல் வெளிவந்தது. ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் கூடிய முஸ்லிம் அறிஞர்கள் பருவநிலை பற்றி அறிக்கை விட்டார்கள். நவம்பரில் இந்துக்களின் அறிக்கை. எல்லாம் பாரிஸ் பருவநிலை மாநாட்டை மனதில் வைத்து. அங்கே டிசம்பர் 12 அன்று உடன்படிக்கை ஆனபோது எங்கள் காஞ்சிபுரம் மாவட்டம் வெள்ளத்திலிருந்து அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. சென்னையில் பள்ளிவாசல்கள் எல்லோருக்கும் கதவைத் திறந்தன, முஸ்லிம் இளைஞர்கள் கோயிலைக் கழுவிக்கொடுத்தார்கள். நெகிழ வேண்டிய விஷயம்தான். ஆனால் வெள்ளத்தில் ஒன்றுசேர்வதற்கு ஆள் பிடிக்க வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் வரத்துக்கால்வாய் ஆக்கிரமிப்பை எடுக்க வாருங்கள் என்று கூப்பிட்டால் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதில்தான் என் அக்கறை.

ஒரு ஊரில் மீன் ஏலப் பணம் முழுவதும் அம்மன் திருவிழாவுக்கே போய்க்கொண்டிருந்தது. ஏரி எல்லோருக்கும் பொது, பணம் மட்டும் ஒரு சாமிக்கா என்று கிறிஸ்தவ வீடுகளில் கேட்டார்கள். பணத்தை மூன்றாகப் பிரித்து ஆளுக்கொரு கோயிலுக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அப்படிச் செய்தால் ஏரிக்கு ஒன்றும் மிஞ்சாது. பேசிப் பேசி, முதல் பங்கு மடைக்கும் கரைக்கும், மிச்சத்தில்தான் விழா என்று வந்தது. யோசனையைச் சொன்னவர் பூசாரி. ஒழுகும் மடையை வைத்துக்கொண்டு அம்மனுக்கு என்னத்தைப் படைப்பது என்று கேட்டார். வரவு செலவை எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுகிறார்கள். அங்கே நின்று படிப்பவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

இந்த வருஷம், காலனி என்று இன்னமும் சொல்லப்படும் தெருவிலிருந்து பெண்கள் வேறொரு கேள்வியோடு வந்தார்கள். தூர் எடுத்தால் வண்டல் மண் நிலம் வைத்திருப்பவர் வயலுக்குப் போகிறது. நிலமில்லாத எங்களுக்கு இந்த ஏரியிலிருந்து என்ன? பாய், பாதிரியார், நயினார், பூசாரி, யாரிடமும் பதில் இல்லை. அடுத்த கூட்டத்தில் முதலில் எடுக்கப்போவது அதுதான். முதலில் பேசப்போவதும் அந்தப் பெண்கள்தான்.