உள்ளே உப்பு, வெளியே உப்பு

ஜெனான் விளக்கு என்ற பெயரே பாதிதான் உண்மை. சுவிட்சைப் போட்டதும் வருகிற முதல் வெளிச்சம்தான் ஜெனான் வாயுவுடையது. சில நொடிகளில் சோடியம் அயோடைடு, ஸ்காண்டியம் அயோடைடு போன்ற உப்புகள் சின்ன குவார்ட்ஸ் குமிழுக்குள் ஆவியாகி ஒளிரத் தொடங்கும். நாம் சாலையில் பார்ப்பது அந்த வெளிச்சத்தை. தூத்துக்குடியில் கார் ஹெட்லைட் வேலை பார்க்கிறவர்களுக்கு இது ஒரு வேடிக்கை. இங்கே விளக்கை எரியவைப்பதும் உப்பு, கெடுப்பதும் உப்பு. 1991-ல் பி.எம்.டபிள்யூ. தன் 7 சீரிஸ் காரில் இதை முதலில் வைத்ததிலிருந்து வாங்குகிறவர் மனதில் பதிந்திருப்பது ஒரே கணக்கு: எச்4 ஹாலஜன் டிம்மில் 55 வாட்டுக்கு ஆயிரம் லூமன் அளவில் தரும், ஜெனான் 35 வாட்டுக்கே 3,200 லூமன் தரும். கணக்கு சரிதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு சூட்சுமம் முழுக்கப் பல்பில் இருக்கிறது என்று நினைப்பது தப்பு. இந்த விளக்கில் தொழில்காரனுக்கு வேலை பல்பைவிட அதைச் சுற்றியுள்ள கூட்டில்தான் அதிகம்.

துறைமுகச் சாலையில் இரண்டு பக்கமும் உப்பளம். பனையோலை வேய்ந்த அம்பாரங்களைத் தாண்டி வரும் காற்றுக்கு மழை தேவையில்லை. ஈரமும் உப்பும் அதிலேயே இருக்கின்றன. பல ஜெர்மன் கார்களில், பல்புக்கு மின்சாரம் தரும் பேலஸ்ட் ஹெட்லைட் கூட்டின் அடிப்பக்கம் திருகப்பட்டிருக்கும். அதைக் கழற்றிப் பார்த்தால் கேஸ்கெட் ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு, கப்ளர் பின்னில் பச்சைக் களிம்பு. பற்றவைக்கும் கணத்தில் 20,000 வோல்ட்டுக்கு மேல் பாயும் மின்சாரத்துக்கு அந்த ஈரப் படலம் போதும், பல்புக்குப் போகாமல் அதன் வழியே கசிந்துவிடும். வண்டிக்காரர் வந்து நின்று சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "அண்ணாச்சி, பல்பு போயிட்டு." பல்பு போவதற்குத் தனி அடையாளம் உண்டு. வெளிச்சம் மெல்ல இளஞ்சிவப்புக்கு மாறும். நிறம் மாறாமல் விட்டுவிட்டு எரிந்தால் சந்தேகம் பேலஸ்ட், கப்ளர், எர்த் பக்கம் திரும்ப வேண்டும். சுவிட்சை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, சற்றுப் பொறுத்து இடது பல்பை வலதுக்கு மாற்றிப் போட்டாலே பாதி தெரிந்துவிடும். கோளாறு பல்போடு போனால் பல்பு. இருந்த இடத்திலேயே இருந்தால் மற்றது.

அடுத்தது திசை. எனக்கு இதுதான் முக்கியம். டிம் வெளிச்சம் இடப்பக்கம் சற்று உயர்ந்து, வலப்பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் தாழ்ந்திருக்க வேண்டும். எதிரே வருகிறவர் வலப்பக்கம் இருக்கிறார். இறக்குமதி காருக்கான நம் அரசு விதியே, ஹெட்லைட்டின் ஒளியமைப்பு இடப்பக்கம் செல்லும் போக்குவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்று சொல்கிறது. காரை வாங்கும்போது இதைப் பார்த்துவிடுவார்கள். பிறகு ஒரு முட்டலில் கூடு உடைந்ததும் வெளிநாட்டுப் பழைய கூடு ஒன்று மலிவாக வரும்போதுதான் சறுக்கல். ஐரோப்பிய முத்திரையுள்ள கண்ணாடியில் 'E' எழுத்து வட்டத்தின் பக்கத்தைப் பாருங்கள். விளக்கை நேருக்கு நேர் நின்று பார்க்கும்போது உங்கள் வலப்பக்கம் காட்டும் அம்புக்குறி இருந்தால் அது நம் சாலைக்குரியது. அம்பே இல்லையென்றால் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானது. அதை இங்கே மாட்டினால் எதிரே வரும் கண்ணைத் தேடிப் போய்க் குத்தும்.

உயரமும் அப்படித்தான். பத்து மீட்டர் தள்ளிச் சுவரில் வெளிச்சக் கோடு பத்து செ.மீ. இறங்கியிருந்தால் அது ஒரு சதவீதச் சரிவு. 65 செ.மீ. உயரத்தில் இருக்கும் விளக்கிலிருந்து அந்தக் கோடு 50 மீட்டரில் தரைக்கு மேல் 15 செ.மீ.யில் போகும். கூடு ஒரே ஒரு டிகிரி நிமிர்ந்தால் அதே இடத்தில் 87 செ.மீ. ஏறி, எதிர்க் காரில் இருப்பவரின் கண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நிமிர்த்துவது யார்? பெரும்பாலும் பின்சக்கரத்தருகே இருக்கும் லெவல் சென்சாரின் சுண்டுவிரல் தடி ராடுதான். அதன் பந்து மூட்டு உப்பில் துருப்பிடித்து இறுகிவிட்டால், டிக்கியில் சுமை ஏறியதே விளக்குக்குத் தெரியாது. புதிய ராடு போட்டபின் ஸ்கேனரில் பூஜ்ஜியம் பார்க்காமல் வண்டியை விடுவது அரை வேலை.

இதற்கு எதிர்ப் பேச்சு ஒன்று உண்டு, அதில் நியாயமும் உண்டு. பின்விளக்கு எரியாத டிரெய்லர் இருட்டில் ஓரமாக நிற்கும் சாலையில், தருவைகுளம் தாண்டி வேம்பார் வரை கும்மிருட்டாகக் கிடக்கும் வழியில், வெளிச்சம் கூடினால் என்ன குற்றம் என்பார்கள். அதனால்தான் சாதாரணக் காரின் ஹாலஜன் கூட்டில் எச்.ஐ.டி. எனப்படும் ஜெனான் கிட்டைத் திணிக்கிறார்கள். எச்4 பல்பில் டிம் இழைக்குக் கீழே உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். வேண்டாத வெளிச்சத்தை மறைப்பது அதுதான். ரிஃப்ளெக்டர் அந்த இழை இருக்கும் இடத்துக்கென்றே வளைக்கப்பட்டது. இழைக்குப் பதில் தடிமனும் இடமும் வேறான வில்லொளியை வைத்தால், மூன்று மடங்கு வெளிச்சம் மூன்று திசைக்கும் சிதறும். வண்டிக்கு முன்னால் பத்தடி பகல்போல் ஆகும். அந்தப் பளபளப்பில் கண்மணி சுருங்கி, தூரத்தில் நிற்கும் டிரெய்லர் முன்னைவிட மங்கும். நீலம் அடிக்கும் 8,000 கெல்வின் பல்பு இன்னும் மோசம். கம்பெனி போடும் 4,300-ஐவிட அது தரும் வெளிச்சமே குறைவு. ஹாலஜன் மங்கலாக இருக்கிறது என்றால் முதலில் வயரிங்கைப் பாருங்கள். பல்பின் முனையில் ஒரு வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். ஒரு ரிலே, தடித்த வயர், சுத்தமான எர்த் போட்டால் அது திரும்பக் கிடைக்கும். கிட் விற்பதில் வரும் லாபம் இதில் வராது, அது வேறு விஷயம்.

எல்.இ.டி. வந்துவிட்ட காலத்தில் இதெல்லாம் எதற்கு என்றும் கேட்பார்கள். ஜெனானோடு வந்த கார்கள் இன்னும் பல வருடம் ஓடும். தவிர, கூட்டைப் பற்றிச் சொன்னது எல்.இ.டி.க்கும் பொருந்தும், பல மாடல்களில் அங்கே பல்பைத் தனியாக மாற்றவே முடியாது, கூட்டுக்குள் ஈரம் புகுந்தால் மொத்தமும் போச்சு. ஐரோப்பிய விதி 2,000 லூமனுக்கு மேற்பட்ட டிம்முக்குத் தானாக லெவல் பார்ப்பதையும் கண்ணாடி கழுவுவதையும் கட்டாயமாக்கியது சும்மா இல்லை. கண்ணாடிமேல் படியும் உப்பும், கச்சான் காற்று வீசும் காலத்தில் அதன்மேல் ஒட்டும் தேரிச் செம்மண் புழுதியும், அழகாக வெட்டிய வெளிச்சக் கோட்டைக் கலைத்துவிடும். வாஷர் தொட்டியில் ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர். போர் தண்ணீர் ஊற்றினால் முனை அடைத்துக்கொள்ளும். துடைக்கும்போது முதலில் தாராளமாக நனைத்து உப்பைக் கரைய விடுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் ஒவ்வொரு உப்புக்கல்லும் பிளாஸ்டிக் கண்ணாடியில் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் கீழே விழும்.