எந்தக் கை?

ஈசா டவுனில் கரக் சாய் குடிக்கக் காரை விட்டு இறங்க வேண்டியதில்லை. கஃபத்தீரியா முன்னால் நிறுத்தி ஹாரனை ஒரு தட்டுத் தட்டினால் பையன் ஓடி வருவான். நான் வழக்கமாகப் போகும் கடையில் பையன் ராமநாதபுரம் பக்கத்துக்காரன்.

ஒரு வியாழன் இரவு அங்கே நின்றிருந்தேன். இரண்டு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். கிளாஸ் உடையும் சத்தம். ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்தான். எதிரே நின்றவன் கோடு போட்ட சட்டை. எல்லாம் நாலைந்து நொடிக்குள். குத்துப்பட்டவன் பிழைத்துக்கொண்டான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் என்னிடம் கேட்டது இது: "கோடு போட்ட சட்டைக்காரன் எந்தக் கையால் குத்தினான்?" வலது கை என்றேன். அரபியில் எழுதிய வாக்குமூலத்தில் ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஏதோ சாதித்தவன் போலச் சொல்லிக்கொண்டிருந்தது இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

கோடு போட்ட சட்டைக்காரனுக்குத் தண்டனை ஆகி, வழக்கு மேல்முறையீட்டுக்குப் போன பிறகு ஒருநாள் டீயை நீட்டிக்கொண்டே பையன் கேட்டான்.

"அண்ணே, அன்னிக்கு நீங்க போனைத்தானே பாத்துக்கிட்டு இருந்தீக? கிளாஸ் உடைஞ்ச பெறகுதானே தலையத் தூக்குனீக? மூணாவதா ஒருத்தன் ஓடினான்ணே."

"நீ ஏன் சொல்லல?"

"விசா கஃபீல் கையில இருக்குண்ணே."

அவனை அதற்கு மேல் கேட்க எனக்கு என்ன யோக்கியதை? என் தொழிலில் நேரமுத்திரை இல்லாத புகாரை நாங்கள் மதிப்பதில்லை. அன்றிரவு போனை எடுத்துப் பார்த்தேன். மகளின் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் 10:47க்கு நீளமாக ஒரு பதில் போட்டிருக்கிறேன். 999க்கு அழைத்தது 10:48.

மன்னார்குடியில் வக்கீலாக இருக்கும் அத்தை மகனிடம் சொன்னேன். அவன் அனுப்பியது வடிவேலு தேவர் எதிர் மதராஸ் அரசு என்ற 1957ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 1955 நவம்பரில், எங்கள் ஊருக்குப் பக்கத்து முத்துப்பேட்டையில், டீக்கடைக்காரர் ஒருவர் இரவில் கத்தியால் தாக்கிக் கொல்லப்பட்டார். வழக்கு நின்றது அவர் மனைவியின் சாட்சியத்தின் மேல். ஒரே ஒரு சாட்சியை நம்பித் தூக்குத் தண்டனை கொடுக்கலாமா என்பது கேள்வி. சாட்சியத்தை எடைபோட வேண்டும், எண்ணிப் பார்க்கக்கூடாது என்றது நீதிமன்றம். முழுக்க நம்பத்தக்கவர், கொஞ்சமும் நம்பத்தகாதவர், இரண்டிலும் சேராதவர் என்று சாட்சிகளை மூன்றாகப் பிரித்தது. மேல்முறையீடு தள்ளுபடியானது. இந்தியாவில் இன்றும் கீழ்க்கோர்ட்டு வரை எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது.

அந்த அம்மாள் முதல் வகை. பொய் சொல்லாத நான் மூன்றாம் வகையில்தான் சேர்த்தி. மூன்றாம் வகைக்கு வேறு ஆதாரம் துணைக்கு வேண்டும் என்கிறது அதே தீர்ப்பு. என் வழக்கில் எனக்குத் துணையாக இருந்தது என் ஆங்கிலமும், கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையும்.

ஸ்காட்லாந்தில் முதுகலை படித்தபோது ஒரு பாடத்தில் எலிசபெத் லாஃப்டஸின் 1974ஆம் ஆண்டு ஆய்வு வந்தது. கார் விபத்துப் படம் ஒன்றை மாணவர்களுக்குக் காட்டிவிட்டு, கார்கள் 'இடித்தபோது' என்ன வேகம் என்று ஐம்பது பேரிடமும், 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்று இன்னோர் ஐம்பது பேரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றார்கள். முதல் ஐம்பதில் ஆம் என்றவர்கள் 7 பேர், இரண்டாம் ஐம்பதில் 16 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. தேர்வில் இதை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். 'எந்தக் கையால்' என்று ஒருவர் கேட்டபோது, குத்தியது யார் என்பதை அந்தக் கேள்வியே முடிவு செய்துவிட்டது எனக்கு உறைக்கவில்லை.

வாக்குமூலத்தை மாற்றினால் பொய்ச்சாட்சி என்று என் மேலேயே திரும்புமோ என்று பயந்து இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். "அந்தப் பையனோட அம்மாவா இருந்தா நான் என்ன செய்வேன்?" என்றாள் மனைவி. மறுநாள் அவன் தரப்பு வக்கீல் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு மலையாளி உதவியாளர் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் எனக்கு வாசித்துக் காட்டினார். வலது கை என்ற இடம் வந்ததும் நிறுத்தினார்.

"இது?"

"தெரியாது" என்றேன். "கத்தியையே நான் தரையில்தான் பார்த்தேன்."

அவர் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்.