அறியா வினா

எங்கள் காரைக்காலைப் பற்றி எழுதப் புகுவோர் அம்மையாரைப் பற்றியோ, மாங்கனித் திருவிழாவைப் பற்றியோ, 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை இவ்வூரைத் தம் ஆட்சியில் வைத்திருந்த பிரெஞ்சுக்காரரைப் பற்றியோ எழுதுதல் வழக்கு. யான் எழுதப் புகுந்ததோ, ஞாயிறு மாலைதோறும் பாரதியார் வீதியருகே ஒரு மாடியறையிற் கூடும் நிரலாளர் சிலரைப் பற்றியாம். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவனுக்குக் கணிப்பொறியாளர் கூட்டத்தில் என்ன வேலை என அன்பர்கள் நகைக்கலாம். அந்நகைப்பொலியை யான் ஆங்கே முன்னரே கேட்டுவிட்டமையால் அஃது எனக்குப் புதிதன்று.

சென்ற ஆண்டு யாப்பிலக்கணம் பயின்ற காலத்து எனக்கோர் ஆசை முளைத்தது. செய்யுளடி ஒன்றைக் கொடுத்தால் நேரசை நிரையசை பிரித்துக் காட்டும் நிரலைப் பைத்தான் மொழியில் யானே இயற்ற வேண்டும் என்பதே அது. ஈரிரவு கண்விழித்து, முதற்படியாக எழுத்தெண்ணும் பகுதியை எழுதி, "தமிழ்" என்னுஞ் சொல்லை இட்டுச் சோதித்தேன். எழுத்து எத்தனை? சிறு குழந்தையும் மூன்றென்னும். பொறியோ ஐந்தென்றது. எத்தனை முறை கேட்பினும் ஐந்தென்றே சாதித்தது.

நண்பன் ஒருவன் என்னை அம்மாடியறைக்கு அழைத்துச் சென்றான். பொறியியல் மாணவர், வங்கி அலுவலர், கடை வைத்திருப்பார் எனப் பதினைவர் அளவில் இருந்தனர். அரசலாற்றுக் காற்று சன்னல் வழியே வீசிற்று. எனினும் எனக்கு வியர்த்தது. எழுந்து, "என் நிரல் தவறாக வருகிறது, பொறிக்குத் தமிழ் தெரியவில்லை, என்ன செய்வது?" என்றேன். முன்வரிசையில் இருந்தவர் ஒருவர் திரும்பியும் பாராமல், "இதுகூடத் தெரியாமலா இங்கு வந்தாய்? போய்ப் படித்துவிட்டு வா" என்றார். சிலர் நகைத்தனர். அத்துணையே நிகழ்ந்தது, ஆயினும் கையிலிருந்த தேநீரை அன்று யான் பருகவில்லை.

உண்மை கூறின், என் வினாவும் செவ்விய வினா அன்று. எதனை இட்டேன், எதனை எதிர்பார்த்தேன், எது வந்தது என்னும் மூன்றனுள் ஒன்றனையும் யான் கூறவில்லை. மருத்துவர் முன் சென்று "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லி வாளா நிற்பான் போன்று நின்றேன்.

கூட்டம் கலைந்து படியிறங்குகையில் அக்காள் ஒருவர் என்னை நிறுத்தினார். "தம்பி, மூன்று என்று நீ எப்படி எண்ணினாய்? எண்ணிக் காட்டு, பார்ப்போம்" என்றார். த, மி, ழ் என விரல் மடக்கினேன். "பொறி எண்ணுவது வேறு. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஒருங்குறியில் உயிர்மெய்க் குறிக்குத் தனியிடம், புள்ளிக்கும் தனியிடம்" என்று என் கைச்சுவடியிலேயே எழுதிக் காட்டினார். தமிழ் எழுத்தை உள்ளவாறு பிரித்து எண்ணித் தரும் ஓப்பன் தமிழ் என்னும் நிரற்றொகுதி உண்டென்பதும் அன்றே அறிந்தேன்.

இவ்விடத்தே ஒன்று சொல்லாமல் விடுதற்கு மனம் ஒருப்படவில்லை. இலக்கண நெறியில் உயிரும் மெய்யுமாகப் பகுத்தாலும் த், அ, ம், இ, ழ் என ஐந்தே வரும்! ஆயின் பொறியின் ஐந்து வேறு, இலக்கணத்தின் ஐந்து வேறு. நமக்கு மெய்யோடு அகரம் சேர்ந்து 'த' ஆகின்றது. பொறிக்கோ 'த' என்பதே முதல், புள்ளி வந்து அதன் அகரத்தைக் களைகின்றது. வீடு சேருமளவும் யான் இதனையே எண்ணி நடந்தேன்.

வினா அறுவகை என்றும் விடை எண்வகை என்றும் நன்னூலார் வகுத்ததைத் தேர்வுக்காக நெட்டுருச் செய்திருந்தேன். வினாவிற்கு எதிர்வினா விடுத்தலும் ஒருவகை விடையே. அன்று எனக்குக் கிடைத்த விடை இரண்டும் அவ்வகையினவே என்பதுதான் வியப்பு. "இதுகூடத் தெரியாதா?" என்பதும் வினா, "எப்படி எண்ணினாய்?" என்பதும் வினா. ஒன்று வாயிலை அடைத்தது, மற்றொன்று திறந்தது.

இக்குறை எம்மூர்க்கே உரியதன்று. லினக்சின் கருவை 1991-இல் இயற்றத் தொடங்கிய லினசு டோர்வால்ட்சு, பிறர் அனுப்பும் நிரலிற் பிழை கண்டவிடத்துக் கடுஞ்சொல் வழங்குதற்குப் பேர்போனவர். 2018 செப்டம்பரில் அவரே தம் நடத்தைக்கு வெளிப்படையாக வருத்தந் தெரிவித்துச் சில வாரம் பணியினின்றும் விலகி நின்றார். அம்மாதமே அக்கூட்டத்தார்க்கு நடத்தை விதிகளும் ஏற்படுத்தப்பட்டன. உலகறிந்த வல்லுநர்க்கே இது நேர்ந்ததெனின், மாடியறைக்காரர் எம்மாத்திரம் என்று எனக்குள் ஆறுதல் கொண்டேன். அவ்வாறுதல் நெடுநாள் நீடிக்கவில்லை.

ஐந்து திங்கள் கழிந்தன. என் நிரல் ஒருவாறு அசை பிரிக்கத் தொடங்கிற்று. யானும் முன்வரிசைக்கு வந்துவிட்டேன். ஒருநாள் கிளிஞ்சல்மேட்டிலிருந்து சிறுவன் ஒருவன் வந்தான். பதினாறு அகவை இருக்கலாம். "அண்ணா, இரண்டு சொல்லும் பார்க்க ஒன்றாய் இருக்கின்றன, தேடினால் ஒன்றுதான் அகப்படுகிறது" என்றான். யான், "இதெல்லாம் முன்னமே பேசியாயிற்று, தேடிப் படித்துக்கொள்" என்றேன். யார் குரல் அது என்று எனக்கே ஐயம் எழுந்தது. அவன் தலையசைத்து அமர்ந்தான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

ஆசிரியர் ஆகாதார்க்கு நன்னூலார் கூறும் உவமைகளுள் மடற்பனை ஒன்று. தானே விழும் பழத்தைத் தருமேயன்றி, ஏறிப் பறிப்பார்க்கு இடங்கொடாது. கற்பதில் காற்கூறே ஆசானிடமிருந்து வரும், காற்கூறு உடன் பயில்வாரிடமிருந்து வரும், எஞ்சிய பாதி பிறர்க்கு உரைப்பதனால் வரும் என்பதும் அந்நூலிற் கண்டதே. தேர்வில் இவற்றுக்கெல்லாம் நல்ல மதிப்பெண் பெற்றவன் யான்.

மூன்றாம் ஞாயிறு கூட்டத்திற்குச் செல்லாமல் மிதிவண்டியில் கிளிஞ்சல்மேடு சென்றேன். வலை உலர்த்தியிருந்த வீட்டு வாயிலில் அவன் இருந்தான். தன் தந்தையார் வழங்கும் மீன்பெயர், காற்றின் பெயர், வலையின் பெயர் அனைத்தையும் தொகுத்துக் கைப்பேசியில் ஒரு சொற்பட்டியல் அமைத்துக்கொண்டிருந்தான். அகப்படாத சொல் "கொடுவா". ஒருகால் ஒகரக் குறியை ஒரே குறியாகவும், ஒருகால் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் என இரு குறியாகவும் தட்டச்சாகியிருந்தது. கண்ணுக்கு ஒன்று, பொறிக்கு இரண்டு. இரண்டனையும் ஒருநெறிப்படுத்தும் ஒரு வரியைச் சேர்த்தோம். "கொடுவா" இரண்டும் ஒருங்கே வந்தன. அவன் தந்தையார் எட்டிப் பார்த்து, "அது கொடுவாதான், அதற்கு இத்தனை பாடா?" என்றார்.

"அன்று யான் பேசியது தவறு, தம்பி. வரும் ஞாயிறு வருவாயா?" என்று கேட்டேன்.

"அங்கே எல்லாரும் படித்தவர்கள், அண்ணா. பார்க்கலாம்" என்றான்.